கியூபா மலைக்கு ஒரு போடி டிரைவர்

போடிநாயக்கனூர் ஜீப்பு ஸ்டாண்டில் சந்திரவல்லிக்கு அந்தப் போன் வந்தபோது வண்டிக்குள் பதினான்கு பெண்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்தாவது ஆள் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு மறு காலுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். காலை ஆறு மணி, ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்கள் மலையேறுகிற நேரம். அந்த நேரத்தில் பெற்ற மகள் கூப்பிட்டாலும் சந்திரவல்லி போனை எடுக்க மாட்டாள். ஆனால் கூப்பிட்டது சிஸ்டர் லிஸி. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பூப்பாறையில் நர்சாக இருந்து, இப்போது கொச்சியில் ஒரு சமாதான சங்கத்தில் வேலை பார்க்கும் கன்னியாஸ்திரீ.

“சந்திரவல்லி, கியூபா வரான் பற்றுமோ?” வர முடியுமா என்று மலையாளத்தில் கேட்டார்.

“கூடலூரா சிஸ்டர்? வர்றேன். எத்தன மணிக்கு நிக்கணும்?”

“கூடலூர் அல்ல. கியூபா.”

அமெரிக்காவுக்குப் பக்கத்தில் ஒரு தீவு என்றார் சிஸ்டர். பல வருடங்களாக அமெரிக்கா அதன்மேல் தடை போட்டு வைத்திருக்கிறது. மருந்து சரியாக வருவதில்லை, டீசல் வருவதில்லை, வண்டிக்கு உதிரிபாகம் வருவதில்லை. போதாக்குறைக்கு இப்போது புயல் வேறு அடித்துவிட்டுப் போயிருக்கிறது. பல நாடுகளிலிருந்தும் பன்னிரண்டு பேர் சேர்ந்து மலைமேல் இருக்கும் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து கொண்டுபோகிறார்கள். அங்கே ஓடுவதெல்லாம் அறுபது எழுபது வருடத்துப் பழைய ஜீப்பு. மலை ரோட்டில் அதை ஓட்ட ஆள் வேண்டும்.

“நீ ஓட்டுன்னது ஞான் கண்டிட்டுண்டு. அதான் உன்னை விளிச்சது” என்றார்.

அங்கே சண்டையா, சாப்பாடு உண்டா, எத்தனை நாள், எதையும் சந்திரவல்லி கேட்கவில்லை.

“எத்தன வளைவு சிஸ்டர்?”

“அது ஞான் எண்ணியிட்டில்ல.”

“சரி, நான் போயி எண்ணிக்கிறேன்” என்று சொல்லி போனை வைத்தாள்.

போடிமெட்டுக்கு ஏறுகிற பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் நான்காவது வளைவுவரைதான் அவளால் வாயைக் கட்ட முடிந்தது. நான்கைத் திருப்பியதும் கண்ணாடியில் பின்னால் பார்த்து, “ஏ, நான் கியூபா போறேன்” என்றாள்.

“அது எந்தப் பக்கம் இருக்கு டிரைவரக்கா?”

“அமெரிக்காவுக்கு அந்தப் பக்கம்.”

“இந்த ஜீப்புலயா?”

அதற்குப் பிறகு பதினேழாவது வளைவுவரை வண்டிக்குள் யாரும் சும்மா இல்லை. ஒருத்தி விமானத்தில் ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டாள். இன்னொருத்தி, அங்கே போய்விட்டால் நாளைக்கு எங்களை யார் ஏற்றுவது என்று கேட்டாள். சந்திரவல்லிக்கு வயது நாற்பத்தேழு. அப்பா விட்டுப்போன ஜீப்பை இருபத்திரண்டு வயதில் எடுத்து, அன்றிலிருந்து அதே ரோட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள். மதுரையைத் தாண்டிப் போனது ஒரே ஒரு தடவை, திருச்செந்தூருக்கு.

சிஸ்டர் லிஸி அவளைக் கண்டது 2011 டிசம்பரில். முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லை அடைபட்டுக் கிடந்த நேரம். இங்கிருந்து போன தோட்டத் தொழிலாளிகள் பலர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு போடியிலிருந்து போகிற சர்க்கரை மருந்து இந்தப் பக்கம் நின்றுபோனது. மருந்து கேட்டு லிஸியிடமிருந்து ஒரு சீட்டு எப்படியோ கைமாறி ஸ்டாண்டுக்கு வந்தது. யாரும் எடுக்கவில்லை. சந்திரவல்லி எடுத்தாள். மருந்தை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுவரை போய், தடுப்புக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, கையை மேலே தூக்கிக்கொண்டு நடந்தாள். அந்தப் பக்கமிருந்து லிஸி நடந்து வந்தார். மருந்து அங்கே போனது, பிள்ளைகுட்டிகளோடு நின்ற பெண்கள் இங்கே வந்தார்கள். ஒன்பது நாள் இப்படி நடந்தது. ஆறாவது நாள் முன் கண்ணாடியில் ஒரு கல் விழுந்தது. எந்தப் பக்கத்துக் கல் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கேட்டால், “ரெண்டு பக்கமும் என்னையத்தான வஞ்சாக” என்பாள்.

வீட்டில் கணவன் மகாராஜன் விஷயத்தைக் கேட்டு, கையிலிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருப்பவன். பயந்த சுபாவம்.

“அங்க சோறு கெடைக்குமா வல்லி?”

“அரிசிச் சோறுதான் திம்பாகளாம். பெறகு பேசுறப்ப சிஸ்டர் சொன்னாக.”

“அப்பப் போ” என்றான். அவனுக்கு இருந்த ஒரே சந்தேகம் அதுதான்.

மகள் சிவரஞ்சனி அப்படி விடவில்லை. கோயம்புத்தூரில் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் கிளையில் வேலை பார்க்கிறாள். அடுத்த வருடம் அவளை அமெரிக்காவுக்கு அனுப்புவதாகப் பேச்சு இருந்தது.

“அம்மா, நீங்க அங்க போயிட்டு வந்தீங்கன்னு தெரிஞ்சா என் விசாவுல கைவச்சிருவாங்க.”

“ஒன் விசாவுல என் பேரு எதுக்குடி வருது?”

“எனக்குத் தெரியாது. ஆனா வேணாம்மா. நான் இதுக்காக மூணு வருசமாக் காத்திருக்கேன்.”

சந்திரவல்லி போனை வைத்துவிட்டாள். மகளும் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அந்த ஒரு விஷயம்தான் அவளுடைய சந்தோஷத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாள். விசாரணைக்கு ஜக்கையன் என்ற ஏட்டு வீட்டுக்கு வந்தார். எதற்குப் பாஸ்போர்ட் என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார். உறவுக்காரரைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். சந்திரவல்லி அவரை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, சிஸ்டர் லிஸியில் ஆரம்பித்துப் புயல்வரை சொல்லிவிட்டாள்.

“கியூபாவா? அது தடை பண்ணுன நாடுல்லம்மா?”

“தடை பண்ணுனது யாரு?”

“அமெரிக்கா.”

“அப்ப அமெரிக்காக்காரவுக போக வேணாம். எனக்கு என்ன வந்துச்சு?”

ஜக்கையன் நல்ல மனிதர்தான். பேனாவால் காதை ஒரு தடவை குடைந்துகொண்டார். “என்னமோ ஆத்தா, நீ சொன்னத நான் எழுதிவிடுறேன். மேல பாத்துக்கிருவாக” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலே பார்த்துக்கொண்டார்கள். ஐந்து வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. சந்திரவல்லி அதைப் பிரிக்காமல் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய், ஜீப்பு டிரைவர்கள் சங்கச் செயலாளர் திருப்பதியிடம் கொடுத்தாள். அரசாங்கத் தமிழைப் படித்துச் சொல்வதில் திருப்பதி கெட்டிக்காரர். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுற்றி நின்ற பத்துப் பதினைந்து டிரைவர்களுக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

“மனுதாரர் மேற்படி நாட்டுக்குச் செல்வது, இந்தியா நட்புறவு பேணும் பிறிதொரு நாட்டுடனான உறவுக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடும் என்பதால், கடவுச்சீட்டு வழங்க இயலாது.”

“அப்படின்னா?”

திருப்பதி கண்ணாடியைக் கழற்றினார். “நீ கியூபா போனா, நம்மளும் அமெரிக்காவும் பழகுற பழக்கம் கெட்டுப்போகும்னு போட்ருக்காக தங்கச்சி.”

யாரோ பின்னாலிருந்து களுக்கென்று சிரித்தார்கள். அது பரவி, டீக்கடைக்காரர் கரண்டியோடு வந்து என்ன என்று கேட்கிற அளவுக்குப் போனது. சந்திரவல்லிக்கு முதலில் காது சூடானது. அப்புறம் அவளும் டயர்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு தேசத்துக்கு நடுவில் சண்டை மூட்டுகிற அளவுக்குத் தான் பெரிய ஆள் என்று நாற்பத்தேழு வருடமாக அவளுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஊர் அவளை விடவில்லை. பெட்ரோல் பங்கில், “அக்கா, அமெரிக்காவுல இருந்து போன் வந்துச்சா?” என்றார்கள். ராசிங்காபுரத்திலிருந்து காய்கறி லோடு ஏற்றிவரும் ஆள், தான் பக்கத்து வீட்டுக்காரனோடு பேசுவதில்லை என்றும் அதற்கும் சந்திரவல்லிதான் காரணமா என்றும் கேட்டான். அவளும் விட்டுக்கொடுக்காமல் பதில் சொன்னாள். ஆனால் ஒரு சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு, காலி வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது சிரிப்பு வடிந்துவிட்டது. அங்கே மருந்து கீழே கிடக்கிறது. மேலே ஆட்கள் இருக்கிறார்கள். ஓட்டத் தெரிந்தவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மறுநாள் கடிதத்தை எடுத்துக்கொண்டு வக்கீல் யாஸ்மினிடம் போனாள். ஒரு ஏலக்காய்க் கடையின் மாடியில் யாஸ்மினின் ஆபீசு. முப்பத்து நான்கு வயது. அதுவரை வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு, விவாகரத்து, இவைதான் அவளுக்கு வந்த கேசுகள். கடிதத்தைப் படித்தாள். எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்து படித்தாள்.

“அக்கா, இதப் பிரேம் போட்டு மாட்டணும். அதுக்கு முன்னாடி மதுரை ஹைகோர்ட்டுல போடணும்.”

“நெசமாவே என்னைய விடமாட்டாகளா வக்கீலம்மா?”

“வெளிநாடு போறது குடிமக்களோட உரிமைன்னு நான் பொறக்குறதுக்கு முன்னாடியே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. ஒரு நாட்டுக்குப் போகக்கூடாதுன்னா நம்ம அரசாங்கம் அதுக்கு உத்தரவு போடணும். கியூபாவுக்கு அப்படி ஒண்ணும் கெடையாது. நம்ம தூதரகமே அங்க இருக்கு. இன்னொருத்தர் வீட்டுல போட்ட பூட்டைக் கொண்டாந்து ஒங்க கதவுல மாட்டப் பாக்குறாங்க.”

திருப்பதி அன்றைக்கு சந்திரவல்லியைத் தனியாகக் கூப்பிட்டு, வேண்டாம் என்றார். “கோர்ட்டு கேசுன்னு போனா அவுகளுக்கு மனசுல இருக்கும் தங்கச்சி. நாளைக்குப் பெர்மிட்டு, லைசென்சுன்னு போறப்ப ஒரு கண்ணு ஒம்மேல இருக்கும். நம்ம சோலியப் பாப்போம்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. சந்திரவல்லி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் யாஸ்மினிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். திருப்பதியிடம், “அண்ணே, இன்னைக்கு என்னைய நிறுத்துனதுக்கு நான் சரின்னுட்டா, நாளைக்கு வேற எவளையாச்சும் நிறுத்துவாக. அவ என்கிட்ட வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்ல?” என்றாள்.

யாஸ்மின் முதல் வேலையாகத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கேள்வி அனுப்பினாள்: இந்தியக் குடிமக்கள் கியூபா செல்ல அரசு தடை விதித்திருக்கிறதா? ஒரு மாதத்தில் பதில் வந்தது. ஒரே வரி. அப்படித் தடை எதுவும் இல்லை. யாஸ்மின் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி, ஏலக்காய்க் கடைக்குள் ஓடி, தராசுக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம் அதைக் காட்டினாள். அவரும் படித்துப் பார்த்துவிட்டு நல்ல சேதிதான் என்றார்.

வழக்கு விசாரணைக்கு வந்த நாளில் சந்திரவல்லி தன் ஜீப்பிலேயே மதுரைக்குப் போனாள். வழக்கமாக ஏறுகிற பெண்களில் பதினோரு பேர் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு, வாசலில் வந்து ஏறிக்கொண்டார்கள். புளிச்சோறு கட்டிக்கொண்டு, நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு, ஆண்டிபட்டி கணவாய் தாண்டும்போதே பாதிச் சோற்றைத் தீர்த்துவிட்டார்கள். மகாராஜன் முன்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

கோர்ட்டில் எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. யாஸ்மின் பேசினாள். அந்த ஒரு வரிப் பதிலை எடுத்து நீட்டினாள். அரசு வக்கீல் எழுந்து, அந்த நாடு தடைக்கு உள்ளான நாடு என்று ஆரம்பித்தார். நீதிபதி இடைமறித்து ஏதோ கேட்டார். அரசு வக்கீல் ஏதோ சொன்னார். நீதிபதி மறுபடியும் கேட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த வக்கீல்கள் சிரித்தார்கள். அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று யாஸ்மின் பிறகு சொன்னாள். தடை போட்டது எந்த நாடு என்று நீதிபதி கேட்டிருக்கிறார். அமெரிக்கா. மனுதாரர் அமெரிக்கக் குடிமகளா? இல்லை. பிறகு எந்த ஊர்? போடிநாயக்கனூர்.

நீதிபதி தமிழுக்கு மாறினார். “சந்திரவல்லிங்கிறவங்க வந்திருக்காங்களா?”

“இருக்கேங்கய்யா.” எழுந்தாள். கூடவே பதினோரு பேரும் எழுந்துவிட்டார்கள். டவாலி உட்காரச் சொன்னார்.

“அங்க போய் என்ன செய்யப் போறீங்க?”

“மலைமேல மருந்து கொண்டுபோறதுக்கு வண்டி ஓட்டக் கூப்ட்டுருக்காகய்யா. இங்க எல்லைய அடைச்சப்ப நான் ஓட்டுனதப் பாத்தவுக கூப்ட்டாக. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஓட்டத் தெரியும்.”

“அரசியல் ஏதும்?”

“ரோட்டுல அதுக்கு நேரம் இருக்காதுங்கய்யா. பள்ளம் பாத்து ஓட்டணும்.”

நீதிபதி தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தாரா எழுதினாரா என்று தெரியவில்லை. உத்தரவு மூன்று நாளில் வந்தது. வேறொரு நாடு தன் மக்களுக்குப் போட்ட விதி இந்தியக் குடிமகளைக் கட்டுப்படுத்தாது, உதவி செய்யப் போகிற ஒரு ஓட்டுநரால் எந்த நட்பும் கெடும் என்று நம்ப முகாந்திரம் இல்லை, நான்கு வாரத்துக்குள் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டும்.

பாஸ்போர்ட் வந்த அன்றைக்கு மகளிடமிருந்து ஒரு குரல் செய்தியும் வந்தது. நான்கைந்து மாதத்துக்குப் பிறகு வந்த குரல். “அம்மா, பேப்பர்ல ஒங்க போட்டோ பாத்தேன். எங்க ஆபீசுல எல்லாரும் பாத்தாங்க. என் மேனேஜரு, அவங்க ஒங்கம்மாவான்னு கேட்டாரு. ஆமான்னு சொன்னேன். நான் சும்மா பயந்துட்டேம்மா. விசா என்ன ஆனாலும் ஆகட்டும். அங்க ஸ்பானிஷ்தான் பேசுவாங்க. நான் சொல்லித் தர்றேன். இடதுன்னா இஸ்கியெர்தா. வலதுன்னா தெரேச்சா.”

சந்திரவல்லி அதை ஏழு தடவை போட்டுக் கேட்டாள். மறுநாளிலிருந்து போடிமெட்டு ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் வண்டிக்குள்ளிருந்து பதினைந்து பெண்கள் சேர்ந்து இஸ்கியெர்தா, தெரேச்சா என்று சத்தம் போட்டார்கள். எதிரே வந்த பஸ்காரர்கள் பயந்து ஒதுங்கினார்கள்.

சிஸ்டர் லிஸியோடு கொச்சியில் விமானம் ஏறி, நடுவில் ஒரு ஊரில் மாறி, இரண்டாம் நாள் கியூபாவின் தலைநகர் அவானாவில் இறங்கினாள். அங்கிருந்து ஒரு பகலும் பாதியுமாகப் பஸ்சில் போய்க் கிழக்கே மலையடிவாரம். கொடுக்கப்பட்ட ஜீப்பைப் பார்த்ததும் அவளுக்குச் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. அதே மூக்கு, அதே மட்கார்டு. ஸ்டியரிங் மட்டும் இடது பக்கம். முதல் நாலு நாள் அவள் வலது பக்கமாக ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தேடியதை அந்த ஊர் மெக்கானிக் ரமோன் எல்லோருக்கும் நடித்துக் காட்டினார். ரமோனிடம் உதிரிபாகம் என்று எதுவும் இல்லை. துணி தைக்கிற மிஷினிலிருந்தும் தண்ணீர் மோட்டாரிலிருந்தும் எடுத்தவற்றை வைத்து அந்த வண்டியை ஓடவைத்திருந்தார். சந்திரவல்லி பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அவருக்குக் கும்பிடு போட்டாள்.

மலை ரோடு போடிமெட்டு ரோட்டைவிடக் குறுகல். புயலில் பாதி அரித்துப்போயிருந்தது. வளைவுக்கு வளைவு ஹார்ன் அடித்தபடி ஏறினாள். அந்த ஊரில் யாரும் அப்படி அடிப்பதில்லை. இரண்டாம் வாரம் ஆனபோது, கீழே ஹார்ன் கேட்டாலே மேலே காப்பித் தோட்டங்களிலிருந்து ஜனங்கள் இறங்கி வந்து நின்றார்கள். ஒரு தாய், மூச்சுத் திணறுகிற பிள்ளைக்கு உறிஞ்சுகிற மருந்து வாங்கிக்கொண்டு, சந்திரவல்லியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஏதேதோ சொன்னாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. “சரி ஆத்தா, சரி, வெரசாக் குடு” என்று இவள் தமிழில் சொன்னாள். அவளுக்கு அது புரிந்தது.

கடைசி ஆஸ்பத்திரி மலையின் உச்சியில் இருந்தது. புயலுக்குப் பிறகு அதுவரை எந்த வண்டியும் அங்கே ஏறவில்லை. மூன்று இடத்தில் இறங்கிக் கல்லைப் போட்டு நிரப்பி, சிஸ்டர் லிஸி ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருக்க, ஒரு மதியம் ஜீப்பு அங்கே போய் நின்றது. டாக்டர் வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தாள். சந்திரவல்லி இறங்கினாள். என்ன செய்வதென்று தெரியாத சந்தோஷத்தில் வாயில் கையை வைத்துக் குலவை போட்டாள். மலை முழுக்கக் கேட்டது. அந்த ஊர்ப் பெண்கள் ஒரு நிமிடம் அசந்துபோய் நின்றார்கள். பிறகு ஒருத்தி முயற்சி செய்தாள். வரவில்லை. இன்னொருத்தி செய்தாள். ஐந்து நிமிடத்தில் முப்பது பேர் நாக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றார்கள். சிஸ்டர் லிஸியும் சுழற்றினார். டாக்டருக்குத்தான் நன்றாக வந்தது.

வளைவுகளை எண்ண மறந்துவிட்டாள்.

நாற்பது நாள் கழித்து ஊர் திரும்பினாள். அதற்குள் சிவரஞ்சனியின் விசா விண்ணப்பம் போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. வந்தால் வரட்டும் என்கிறாள் மகள். அமெரிக்காவோடு இந்தியாவுக்கு இருக்கும் பழக்கமும் சந்திரவல்லிக்குத் தெரிந்தவரை அப்படியேதான் இருக்கிறது.

போன மாதம் கம்பத்திலிருந்து பாத்துமுத்து என்று ஒரு ஓய்வுபெற்ற நர்சு யாஸ்மினைத் தேடி வந்தார். ஈரானில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு உதவி செய்ய ஒரு குழுவோடு புறப்பட்டவர். அவருக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. கேசு போடத் தயக்கமாக இருக்கிறது என்றார். யாஸ்மின் கீழே எட்டிப் பார்த்துக் கூப்பிட, ரோட்டில் ஜீப்பை நிறுத்தியிருந்த சந்திரவல்லி மாடிக்கு வந்தாள். கடிதத்தை வாங்கி, இந்தத் தடவை தானே எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“எந்த நாட்டோட பழக்கம் கெடுமாம்?” என்று கேட்டாள்.

பாத்துமுத்து இவ்வளவு நேரமும் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“வர்ற திங்கக்கெழம மதுரைக்குப் போவோம். பஸ்சுக்கெல்லாம் நிக்காதீக, நான் வீட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கிறேன். எத்தன பேரு வருவீக?”

“நான் மட்டுந்தான்.”

“வண்டியில பதினஞ்சு பேரு ஏறலாம்” என்றாள் சந்திரவல்லி. “தெருவுல சொல்லிப் பாருங்க.”